வளாகத்துக்குள் ஒரு வெலிவாடா

கல்லூரியில் சேரும் அன்று நம் பிள்ளைகள் பல தாள்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். ராகிங் செய்ய மாட்டேன் என்று ஒன்று. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத உரிமை கோர மாட்டேன் என்று ஒன்று. விடுதி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று இன்னொன்று. பக்கத்தில் நிற்கும் அப்பாவோ அம்மாவோ கையெழுத்தோ கைநாட்டோ வைக்கிறார். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பின்னால் வரிசை நீண்டு நிற்கும். அந்தத் தாளை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் எவரையும் நாம் இதுவரை சந்திக்கவில்லை.

விதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஓரிடத்தில் படித்து, உண்டு, உறங்கும்போது ஒழுங்கு வேண்டும். ராகிங் தடை விதி இல்லையென்றால் முதலில் அடிவாங்குவது நம் வீட்டுப் பிள்ளைதான். நாம் கேட்பது இதைத்தான்: அந்த விதி யார்மேல் எவ்வளவு கடுமையாகப் பாய்கிறது? யாரிடம் வந்ததும் தளர்ந்துகொள்கிறது?

வருகைப் பதிவையே பாருங்கள். 75 சதவீதத்துக்குக் குறைந்தால் பெரும்பாலான கல்லூரிகளில் ஒரு விலக்கு உண்டு. மருத்துவச் சான்று கொடுத்து, அபராதம் கட்டினால் தேர்வெழுத விடுவார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் தேசிய மாணவர் படை முகாமுக்கும் போனவர்களுக்கு வருகை கணக்கில் சேரும். நடவுக் காலத்தில் அம்மாவோடு வயலுக்குப் போனவருக்கும், கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுக் காலையில் பேருந்தைத் தவறவிட்டவருக்கும் எந்த விலக்கும் கிடையாது. காய்ச்சலை விதிப்புத்தகம் அறிந்திருக்கிறது. கூலி வேலையை அது அறியாது. இந்த விதியை எழுதியவர் எவரும் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனால் தேர்வு நெருங்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தகுதியிழந்தோர் பட்டியலைப் பார்க்கும் மாணவர்களுக்கு, அதில் யார் யார் பெயர் வரும் என்பது முன்கூட்டியே தெரியும்.

பணம் கட்டும் கெடுவும் இப்படித்தான். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு தினக்கூலியின் மகன், 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கெடு ஜூன் 24, மாலை 5 மணி. ஊரில் கடன் வாங்கிப் பணத்தைத் திரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. சில நிமிடங்கள்தான் தாமதம். இடம் போனது. பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவர் தேசிய ஆணையத்துக்குப் போனார், ஜார்க்கண்டின் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போனார். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. சில நிமிடத் தாமதத்தைச் சரிசெய்ய நாட்டின் தலைமை நீதிபதி அமர்வு வரைக்கும் போக வேண்டியிருந்தது. சேர்க்கை அலுவலகத்தில் இருந்த யாருக்கும் அதை முடித்துவைக்கும் அதிகாரம் இல்லையா, மனம் இல்லையா என்று நமக்குத் தெரியாது.

விதியின் கடுமை ஓர் உயிரைக் குடித்த கதை நமக்கு மிகவும் தெரிந்ததுதான். ரோஹித் வேமுலா என்றால் தெரியாத மாணவர் இல்லை. அவர் படத்தை நம் ஊர் மன்றங்களில் மாட்டியிருக்கிறோம், ஜனவரி 17 வந்தால் அஞ்சலிக் கூட்டம் நடத்துகிறோம். ஆனால் அவர்மேல் எந்த விதி எப்படி ஏவப்பட்டது என்று படிப்படியாகச் சொல்லச் சொன்னால் பலரும் தடுமாறுகிறோம். அதைத் தெரிந்துகொள்வது முக்கியம். அடுத்த முறை நம் ஊர்ப் பிள்ளைமேல் அதே படிகள் ஏறி வரும்போது முதல் படியிலேயே அடையாளம் தெரிய வேண்டும்.

ரோஹித் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ராதிகா வேமுலாவின் மகன். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் இருந்தார். 2015 ஆகஸ்ட் தொடக்கத்தில், முசாபர்நகர் கலவரம் பற்றிய ஆவணப்படத் திரையிடலை தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஏ.பி.வி.பி.யினர் தடுத்ததைக் கண்டித்து அந்தச் சங்கம் வளாகத்தில் போராட்டம் நடத்தியது. ஏ.பி.வி.பி. மாணவர் தலைவர் ஒருவர் அவர்களைக் குண்டர்கள் என்று முகநூலில் எழுதினார். இரவில் அவர் அறைக்குப் போய்க் கேள்வி கேட்டார்கள். அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மறுநாள், தன்னை அடித்தார்கள் என்று புகார் சொன்னார். அடிக்கவில்லை என்று இவர்கள் மறுத்தார்கள். மாணவர் விடுதிகளில் ஆண்டுதோறும் நடக்கும் தகராறுகளில் ஒன்று. நம் ஊர்க் கல்லூரி என்றால் முதல்வர் இரு தரப்பையும் அறைக்குள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டி அனுப்பியிருப்பார்.

முதலில் அங்கும் ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. பிராக்டர் வாரியம் என்கிற ஒழுங்கு விசாரணைக் குழு, அடித்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று கண்டு, எச்சரிக்கையோடு நிறுத்த முனைந்ததாக அப்போது செய்திகள் வந்தன. இதற்கிடையில் ஆகஸ்ட் 17 அன்று செகந்திராபாத் மக்களவை உறுப்பினரும் மத்திய அமைச்சருமான பண்டாரு தத்தாத்ரேயா, கல்வி அமைச்சகத்தை அன்று வைத்திருந்த ஸ்மிருதி இரானிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் சாதிவாத, தீவிரவாத, தேசவிரோத அரசியலின் கூடாரமாகிவிட்டது என்ற பொருளில் அமைந்த கடிதம் அது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து 5 கடிதங்கள் போயின. என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதே கேள்வி.

ஒரு மாணவர் தகராறைப் பற்றி தில்லி 5 முறை விசாரித்தது. நம் பிள்ளைகளின் உதவித்தொகை நிலுவை பற்றி எந்த அமைச்சகமாவது எந்தப் பல்கலைக்கழகத்திடமாவது 5 முறை கேட்டதுண்டா?

அதன்பின் விதி விறைத்துக்கொண்டது. செப்டம்பரில் 5 மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வளாகத்தில் எதிர்ப்பு எழுந்ததும் அந்த ஆணை விலக்கப்பட்டு, புதிதாக விசாரிப்போம் என்று உறுதி கூறப்பட்டது. துணைவேந்தர் மாறினார். புதிய துணைவேந்தர் அப்பா ராவ் காலத்தில் நிர்வாகக் குழுவின் துணைக்குழு ஒன்று விஷயத்தைக் கையில் எடுத்தது. டிசம்பரில் தண்டனை வெளியானது. 5 பேரும் விடுதியில் தங்கக் கூடாது. நிர்வாகக் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டமாகப் போகக் கூடாது. மாணவர் சங்கத் தேர்தலில் கலந்துகொள்ளக் கூடாது. வகுப்புக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம், கருத்தரங்கில் உட்காரலாம்.

இந்தத் தண்டனையை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். வேலைக்கு வரலாம், ஊருக்குள் தங்கக் கூடாது. பொது இடத்தில் கூடி நிற்கக் கூடாது. நம் பாட்டன் காலத்தில் ஊர்ப் பஞ்சாயத்து விதித்த கட்டுப்பாட்டின் சொற்களே பல்கலைக்கழக முத்திரையோடு ஆங்கிலத்தில் வந்தன. பல்கலைக்கழகத்தார் இதை இரக்கம் என்று நினைத்தார்கள். முழு இடைநீக்கத்தைக் குறைத்து, படிப்பைத் தொடரவிட்டோம் என்றார்கள். விடுதியை இழந்தால் ஹைதராபாத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்க அந்த 5 பேரிடம் காசு இருக்குமா என்று யாரும் கணக்குப் போடவில்லை. ரோஹித்துக்கு மாதம் 25,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை. அதில் 7 மாதத் தொகையான 1,75,000 ரூபாய் வந்துசேரவில்லை என்று அவர் தன் கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தார். காகிதம் சரியாக வராததால் தாமதம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. காகிதம் சரியாக இல்லை என்பதும் ஒரு விதிதான்.

2016 ஜனவரி தொடக்கத்தில் 5 பேரும் பாய், தலையணை, அம்பேத்கர் படத்தோடு அறைகளை விட்டு வெளியேறினார்கள். வளாகத்தின் கடைத் தெருப் பகுதியில் பதாகைகளைக் கட்டி, குளிரில் திறந்த வெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வெலிவாடா. தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரிக்கு அதுதான் பெயர். தங்களுக்கு நேர்ந்ததற்கு இதைவிடச் சரியான பெயரை எந்தப் பேராசிரியரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே உறங்கத் தொடங்கி இரண்டு வாரத்தில், ஜனவரி 17 அன்று, ரோஹித் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 26. மற்ற 4 பேரின் தண்டனை ஜனவரி 21 அன்று திரும்பப் பெறப்பட்டது. அதாவது 17ஆம் தேதி வரை மாற்ற முடியாததாக இருந்த விதியை 4 நாளில் மாற்ற முடிந்தது.

அதற்குப் பிறகும் விதியின் கண் அவரை விடவில்லை. இந்த முறை கேள்வி, அவர் உண்மையிலேயே பட்டியல் சாதிதானா என்பது. தாய் மாலா சாதி, தந்தை வட்டேரா. தந்தையைப் பிரிந்து, தாயின் வீட்டில், தாயின் சாதிக்கு நேர்ந்த எல்லாவற்றையும் அனுபவித்து வளர்ந்த பிள்ளை. இப்படி வளர்ந்த பிள்ளை தாயின் சாதியைக் கோரலாம் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நீதிபதி ரூபன்வால் தலைமையில் மத்திய அரசு அமைத்த விசாரணை ஆணையம், அவர் தலித் அல்ல, சாவுக்குச் சொந்தக் காரணங்களே என்று முடிவுகட்டியது. 2024 மே மாதம் தெலங்கானா காவல் துறை அதே வழியில் வழக்கை முடித்துவைக்கும் அறிக்கையைத் தாக்கல் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மேல் விசாரணை என்றார்கள். விடுதிக் கதவைப் பூட்டியது சரியா என்ற கேள்வி போய், செத்தவரின் சாதிச் சான்றிதழ் சரியா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதே ஹைதராபாத் வளாகத்துக்கு நம் சேலம் மாவட்டத்திலிருந்து போனவர் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் எளிய குடும்பம். இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். 2008 பிப்ரவரியில் விடுதியில் இறந்துபோனார். பேராசிரியர் வினோத் பவராலா தலைமையிலான குழு விசாரித்தது. அவருக்கு ஆய்வு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. பாடத் தேர்வில் தேறாததால் உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தது. நெறியாளர் ஒதுக்குவதிலும் பாடத் தேர்வு விதிகளிலும் தெளிவும் ஒரே சீரான நடைமுறையும் இல்லை என்று குழு கண்டது. மாணவர் தேர்வில் தேற வேண்டும் என்ற விதி உடனே நடைமுறைக்கு வந்தது. மாணவருக்கு நெறியாளர் தர வேண்டும் என்ற கடமை மாதக்கணக்கில் காத்திருந்தது. அந்தக் குழுவின் அறிக்கையை அப்போதே முழுசாக எடுத்துக்கொண்டு செயல்பட்டிருந்தால், 8 ஆண்டு கழித்து ரோஹித் விஷயத்தில் பல்கலைக்கழகம் வேறு மாதிரி நடந்திருக்கக்கூடும் என்றே நாம் நினைக்கிறோம்.

சேலத்திலிருந்து இன்னொருவர், முத்துகிருஷ்ணன். ஹைதராபாத்தில் படித்து, பல முறை முயன்று, தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். 2017 மார்ச் 13 அன்று தில்லியில் மரணமடைந்தார். அந்த மரணத்தில் சந்தேகம் இருப்பதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். சாவதற்குச் சில நாள் முன்பு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதியிருந்தார். அவர் எதைப் பற்றி எழுதினார்? பல்கலைக்கழக மானியக் குழு 2016 மே மாதம் கொண்டுவந்த புதிய விதி பற்றி. எழுத்துத் தேர்வில் 50 சதவீதம் எடுத்தால் போதும், அதற்குமேல் அந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பில்லை. யாரை எடுப்பது என்பதை வாய்மொழித் தேர்வு மட்டுமே முடிவு செய்யும் என்றது அது. அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கு 70, வாய்மொழிக்கு 30. அந்த 30இலேயே ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்குப் பாகுபாடு நடக்கிறது, அதை 15 ஆக்குங்கள் என்று பல்கலைக்கழகத்தின் சொந்தக் குழுவே பரிந்துரைத்திருந்தது. 15 ஆக்கச் சொன்னது 100 ஆனது. விடைத்தாளில் முகம் தெரியாது. நேர்காணலில் முகம் தெரியும், ஊர் தெரியும், ஆங்கிலம் தடுக்குவது தெரியும். நிர்வாகம் இந்த விதியைச் செயல்படுத்துவதில் காட்டிய வேகம் இருக்கிறதே, அது தனி. 2018இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அந்த விதி அடிபட்டது. மானியக் குழுவும் 70க்கு 30 என்ற கணக்குக்குத் திரும்பியது.

நம் சென்னையிலும் ஒரு விதி இப்படித் திடீரென்று விழித்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கப்பட்டது அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம். 2015 மே மாதம், மத்திய அமைச்சகத்துக்குப் பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் போனது. அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பி விளக்கம் கேட்டது. மாணவர் நலத் தலைவர் ஒரு மின்னஞ்சலில் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கினார். காட்டிய காரணம்: நிறுவனத்தின் பெயரை அனுமதியின்றி மாணவர் அமைப்புகள் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மீறிவிட்டார்கள். அதே வளாகத்தில் பல ஆண்டுகளாக விவேகானந்தர் பெயரிலும் ஒரு வாசகர் வட்டம் இயங்கிவந்ததை அப்போதே பலரும் சுட்டிக்காட்டினார்கள். மாணவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கவில்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பெயரில்லாத கடிதங்களை அலுவலகங்கள் குப்பைக் கூடையில் போடுவதுதான் வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பெயரில்லாக் கடிதம் கூடைக்குப் போகும், எது அமைச்சகத்தின் கோப்புக்குப் போகும் என்பதற்கும் ஒரு விதி இருக்கும்போல.

அண்மைக் கதைகள் இரண்டு. 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதி உணவகத்தில் சைவம் சாப்பிடுவோருக்கு மட்டும் என்று 6 மேசைகள் ஒதுக்கப்பட்டன. அந்த மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். அதே மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ராமதாஸ் சிவானந்தன் என்ற தலித் ஆய்வு மாணவர், 2024 ஜனவரியில் தில்லியில் நடந்த ஒரு பேரணியில் நிறுவனத்தின் பெயர் தெரியும் பதாகையோடு கலந்துகொண்டார், ஓர் ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்லி முகநூலில் எழுதினார் என்பதற்காக 2 ஆண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். மும்பை உயர் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், அதுவரை கழிந்த காலமே தண்டனையாகப் போதும் என்று குறைத்து, படிப்பைத் தொடர அனுமதித்தது. ஓராண்டுக்கு மேல் போனது போனதுதான். உதவித்தொகையை நம்பி ஆய்வு செய்பவருக்கு ஓராண்டு என்பது என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். மாணவரைக் கட்டும் விதிகள் இருப்பது போலவே நிர்வாகத்தைக் கட்டும் விதிகளும் உண்டு. ஆனால் அவற்றை யாரும் நம்மிடம் கையெழுத்து வாங்கும்போது காட்டுவதில்லை.

எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் கொடுத்த அறிக்கை, விடுதியில் அந்த மாணவர்கள் சில தளங்களுக்கு ஒதுங்கிப்போகும்படி நெருக்கப்பட்டதைப் பதிவு செய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையம் வேண்டும். பல்கலைக்கழகம் என்றால் பேராசிரியர் நிலைக்குக் குறையாத ஒருவர் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலராக இருக்க வேண்டும். எழுத்துமூலம் வரும் புகாரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். எவையெல்லாம் பாகுபாடு என்ற பட்டியலும் அதில் இருக்கிறது: வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அறிவிப்பது, இடஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, விடுதியிலும் உணவகத்திலும் பிரித்து உட்காரவைப்பது, மதிப்பெண்ணில் கைவைப்பது, உதவித்தொகையை நிறுத்திவைப்பது.

படித்தால் நம் கல்லூரிகளில் ஒவ்வொரு வாரமும் நடப்பவை. உதவித்தொகை மாணவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் கேட்கும் குரலை நம்மில் யார் கேட்கவில்லை? அது வெறும் பழக்கதோஷம் என்று ஆசிரியர் நினைக்கலாம். அந்த அழைப்புக்கு எழுந்து நிற்கும் மாணவரின் சாதி அடுத்த நிமிடம் வகுப்புக்கே தெரிந்துவிடுகிறது. இதில் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலருக்கு வேலை இருக்கிறது. அவர் யார் என்று நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால், அப்படி ஒருவர் உண்டா என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்த விதிகள் ஏட்டோடு நிற்கின்றன என்றுதான் ராதிகா வேமுலாவும், மும்பையில் உயிரிழந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாய் ஆபிதா தட்வியும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள். பிள்ளைகளை இழந்த தாய்கள் இருவர் வழக்குப் போட்டுத்தான் அந்த விதி இருப்பதே பலருக்கு நினைவுக்கு வந்தது.

கட்டண விதியும் அப்படியே. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92, தகுதியுள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கற்பிப்புக் கட்டணத்தைச் சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஏற்கும் என்றது. ஆனாலும் முதலில் கட்டு, உதவித்தொகை வந்ததும் எடுத்துக்கொள் என்று கேட்கும் கல்லூரிகள் உண்டு. கட்டாவிட்டால் தேர்வு நுழைவுச் சீட்டு நிற்கும், மாற்றுச் சான்றிதழ் நிற்கும். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 2021-22 முதல் மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வரும் தேதி அரசின் கையில், கட்டணக் கெடுவின் தேதி கல்லூரியின் கையில். இரண்டுக்கும் நடுவில் நம் வீட்டு நகை வட்டிக்கடைக்குப் போகிறது. அரசு தாமதித்தால் அபராதம் கிடையாது. மாணவர் தாமதித்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும்.

மாணவர்கள் சிலர் நம்மிடம் கேட்டதற்காகச் சில நடைமுறைச் செய்திகளை இங்கே சொல்கிறோம்.

வாய்மொழியாக இடைநீக்கம் என்றால் ஏற்காதீர்கள். ஆணையை எழுத்தில் கேளுங்கள். எந்த விதி, எந்தப் பிரிவு, என்ன புகார், யார் கொடுத்தது என்று தெரியாமல் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். துறைத் தலைவர் அறையில் உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார்கள். எழுதினால் விட்டுவிடுவோம் என்பார்கள். பின்னால் அந்தக் கடிதமே உங்களுக்கெதிரான முதல் சான்றாகும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அஞ்சலகம் போய் விநியோகச் சான்றோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிகள்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒரு பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற பிற்படுத்தப்பட்ட பிரிவைச் சேர்ந்த ஒருவரும் இருக்க வேண்டும். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாகுபாடு என்றால் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்துக்கும் எழுதலாம்; அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

இன்னொன்று. மனம் உடைந்துபோகும் இரவில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஊரில் அண்ணனோ அக்காவோ, இயக்கத் தோழரோ, யாரையாவது எழுப்பிப் பேசுங்கள். தண்டனை ஆணைகள் மாற்றப்பட்டிருக்கின்றன. மேலே சொன்ன பல வழக்குகளில் அதைப் பார்த்தோம். மாறும்போது நீங்கள் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கல்லூரியிலிருந்து பிள்ளைமேல் புகார் என்று தொலைபேசி வந்தால், முதல் வேலையாகப் பிள்ளையை அடிக்கவோ திட்டவோ போகாதீர்கள். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டும் பழக்கம் நமக்கு உண்டு. என்ன நடந்தது என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். பிறகு விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, ஒரு வேலை. அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர்கள் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போடுங்கள். 4 கேள்வி போதும். நம் கல்லூரியின் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்? கடந்த 5 ஆண்டில் அவரிடம் வந்த புகார்கள் எத்தனை, அவற்றில் 60 நாளுக்குள் முடிந்தவை எத்தனை? அதே 5 ஆண்டில் இடைநீக்கம் செய்யப்பட்ட, அபராதம் விதிக்கப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர்? வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்டோரில் அதே கணக்கு என்ன? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வரும் பதிலின் நகலை இந்தப் பகுதிக்கு அனுப்பிவையுங்கள். பதில் வராவிட்டால், மனுவின் நகலையும் விநியோகச் சான்றையும் அனுப்புங்கள்.